குமரியிலிருந்து உறைபனிக்குப் போகும் காரின் என்ஜினைத் தயார்செய்வது எப்படி?

தேசிய நெடுஞ்சாலை 44-இன் ஒரு முனை கன்னியாகுமரி, மறுமுனை ஸ்ரீநகர். விடுமுறைக்கு அந்தச் சாலையை முழுவதும் ஓட்டிப் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசையோடு டிசம்பரில் கிளம்புகிறவர்களுக்காக இந்தச் செய்முறையை எழுதுகிறேன். டிசம்பர் 21-ஆம் தேதி தொடங்கும் 40 நாள் கடுங்குளிரைக் காஷ்மீரத்தார் 'சில்லை கலான்' என்று அழைக்கிறார்கள். அந்த நாட்களில் இரவு வெப்பநிலை சுழியத்துக்குப் பல டிகிரி கீழே போய்விடும். மார்கழி விடியலிலும் இருபது டிகிரிக்கு மேலேயே நிற்கும் நாகர்கோவிலில் ஓடிய கார் வெப்பத்தை மட்டும் எதிர்கொள்ளப் பழகியது. அதைக் கவனிக்கும் பட்டறைகளும் அப்படியே. ஆகவே டீசல் ஒன்றைத் தவிர மற்ற எல்லா வேலைகளையும் ஊரிலேயே, கிளம்புவதற்குச் சில வாரங்கள் முன்பாக முடித்துவிட வேண்டும்.

முதல் வேலை: கூலண்ட்

தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 விழுக்காடு விரிவடைகிறது. என்ஜின் பிளாக்கின் உள்வழிகளில் வெறும் தண்ணீர் நின்று உறைந்தால், வார்ப்பிரும்போ அலுமினியமோ விரிசல் விடுவதைத் தவிர வேறு வழியில்லை. கூலண்டின் முக்கியப் பொருளான எத்திலீன் கிளைக்காலைச் சரிபாதி தண்ணீரோடு கலந்தால் உறைநிலை ஏறத்தாழ மைனஸ் 37 டிகிரிக்கு இறங்குகிறது. 'பாதி கலந்தாலே இவ்வளவு என்றால் முழுவதும் கூலண்டையே ஊற்றிவிடலாமே' என்று தோன்றும். ஆனால் கலக்காத எத்திலீன் கிளைக்கால் மைனஸ் 13 டிகிரியிலேயே உறையத் தொடங்கிவிடும். வெப்பத்தைக் கடத்தும் திறனும் அதற்குக் குறைவு. பாதிக்குப் பாதி என்பதே நமக்குப் போதுமான அளவு.

ரேடியேட்டரின் வடிகால் எங்கே இருக்கிறது, மூடியை எப்படிக் கழற்றுவது என்பதெல்லாம் கையேட்டில் உள்ளவை. என்ஜின் முழுக்க ஆறிய பிறகே மூடியைத் தொட வேண்டும் என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன். பலர் தடுமாறும் இடம் அடுத்தது.

ரேடியேட்டரின் கீழ்வடிகாலைத் திறந்தால் வெளியே வருவது ரேடியேட்டரில் உள்ளது மட்டுமே. பிளாக்கிலும், கேபினைச் சூடாக்கும் ஹீட்டர் சுருளிலும் பழைய திரவம் அப்படியே தங்கிவிடுகிறது. கணக்கு போட்டுப் பாருங்கள். மொத்தக் கொள்ளளவு 6 லிட்டர் உள்ள காரில் மூன்றரை லிட்டர் வடிகிறது. இரண்டரை லிட்டர் பழைய தண்ணீர் உள்ளேயே நிற்கிறது. வடிந்த அளவுக்குப் பாதிக்குப் பாதி கலந்த கூலண்டை ஊற்றினால், கிளைக்கால் ஒன்றேமுக்கால் லிட்டர்தான் சேரும். அது மொத்தத்தில் 30 விழுக்காட்டைக்கூடத் தொடாது. மைனஸ் 37 என்று புட்டியில் அச்சிட்டிருக்கும். உங்கள் என்ஜினுக்குள் இருப்பதோ ஏறத்தாழ மைனஸ் 15 வரை தாங்கும் கலவை. ஸ்ரீநகருக்கு அது ஒருவேளை போதும், அதைவிடக் குளிரான, கார்கில் பக்கத்துத் திராஸில் ஓர் இரவு நிறுத்தினால் போதாது.

எனவே வேலையை இந்த வரிசையில் செய்யுங்கள். ரேடியேட்டரை வடித்துவிட்டு டிஸ்டில்டு வாட்டர் நிரப்புங்கள். ஏசி பலகையில் வெப்பநிலைத் திருகியைச் சூடான பக்கத்துக்கு முழுவதும் திருப்பி வைத்து, ரேடியேட்டரின் மேல் குழாய் சூடேறும் வரை என்ஜினை ஓட்டுங்கள். நம் மாவட்டத்தில் வாங்கிய நாளிலிருந்து ஒருமுறைகூட ஹீட்டரைப் போடாத கார்கள் ஏராளம். ஹீட்டர் வால்வு உள்ள கார்களில் அது அசையாமல் பிடித்துப்போயிருக்கலாம், அது இப்போதே தெரிந்துவிடும். ஆறவிட்டு வடியுங்கள். வெளியே வருவது நிறமில்லாத தெளிந்த நீராகும் வரை இதைத் திரும்பச் செய்யுங்கள். அதன்பின் உள்ளே நிற்பது வெறும் டிஸ்டில்டு வாட்டர் என்பது உறுதி. இப்போது மொத்தக் கொள்ளளவில் சரிபாதி, அதாவது நம் எடுத்துக்காட்டில் 3 லிட்டர், கலக்காத கான்சென்ட்ரேட் கூலண்டை முதலில் ஊற்றுங்கள். எஞ்சிய அரை லிட்டர் இடத்தை டிஸ்டில்டு வாட்டரால் நிரப்புங்கள். இதற்காகவே, ஊற்றத் தயாராகக் கலந்து விற்கும் கூலண்டை இந்த வேலைக்கு நான் பரிந்துரைப்பதில்லை. பச்சை, சிவப்பு, நீலம் என்ற நிறங்களை நம்பியும் வாங்காதீர்கள். நிறத்துக்குப் பொது விதி ஏதும் கிடையாது. கையேட்டில் குறிப்பிட்டுள்ள வகையா என்பதை மட்டும் பாருங்கள்.

டிஸ்டில்டு வாட்டரை வலியுறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. குளச்சல், மணவாளக்குறிச்சி போன்ற கடலோர ஊர்களின் கிணற்று நீரில் உப்பு கலந்திருக்கக்கூடும். அது ரேடியேட்டரில் படிந்து அடைப்பதோடு அலுமினியத்தையும் அரிக்கும். வடித்த பழைய கூலண்டை முற்றத்தில் கொட்ட வேண்டாம். கிளைக்கால் இனிப்பாக இருப்பதால் நாயும் பூனையும் நக்கிவிடும், அது உயிரைக் கொல்லும் நஞ்சு. மூடியுள்ள கேனில் சேர்த்து, கழிவு எண்ணெயைப் பெற்றுக்கொள்ளும் பட்டறையிடம் பேசி ஒப்படையுங்கள்.

அளந்து பார்க்காமல் கிளம்பாதீர்கள்

மிதக்கும் பந்துகள் கொண்ட மலிவான சோதனைக் குழாய் எனக்குப் பிடிக்காது. பந்தில் ஒட்டும் காற்றுக் குமிழியே முடிவை மாற்றிவிடும். ஒளிவிலகல் கொண்டு அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் ஒன்றை வாங்குங்கள். முதலில் அதன் கண்ணாடியில் டிஸ்டில்டு வாட்டர் ஒரு சொட்டு விட்டுச் சுழியத்தைச் சரிசெய்துகொள்ளுங்கள். பிறகு கூலண்ட் ஒரு சொட்டு விட்டு வெளிச்சத்தை நோக்கிப் பாருங்கள். நீலமும் வெள்ளையும் பிரியும் கோடு நிற்கும் இடமே உறைநிலை. எத்திலீன் கிளைக்காலுக்கும் புரோப்பிலீன் கிளைக்காலுக்கும் தனித்தனி அளவுகோல் இருக்கும், மாற்றிப் படித்துவிடாதீர்கள். கலவை முழுவதும் ஒன்றாகக் கலக்க நேரம் வேண்டும் என்பதால், ஆரல்வாய்மொழி வரை ஒரு சுற்றுப் போய்வந்து, என்ஜின் ஆறிய பிறகு அளப்பதே சரி.

தெர்மோஸ்டாட் உள்ளே இருக்கிறதா?

என்ஜின் சூடேறும் வரை கூலண்ட் ரேடியேட்டருக்குப் போகாமல் தடுக்கும் வால்வுதான் தெர்மோஸ்டாட். இந்தக் கேள்வி வேடிக்கையாகத் தோன்றலாம். என்ஜின் சூடாகிறது என்று பட்டறைக்குப் போனால் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, 'நம்ம ஊருக்கு இது எதுக்கு?' என்று சொல்லும் பழக்கம் வெயில் ஊர்களில் உண்டு. பழைய காரை வாங்கியவர்களுக்கு அது தெரியவே வாய்ப்பில்லை. தெர்மோஸ்டாட் இல்லாத என்ஜின் குளிரில் எவ்வளவு ஓடினாலும் உரிய சூட்டை எட்டாது. ஹீட்டரில் குளிர்ந்த காற்றே வரும், எண்ணெயில் ஈரம் ஆவியாகாமல் தங்கிச் சேறு படியும். சோதனை எளிது. ஆறிய என்ஜினைக் கிளப்பி, விசிறியிலும் பெல்ட்டிலும் கை படாதபடி, மேல் குழாயை அவ்வப்போது தொட்டுப் பாருங்கள். சில நிமிடங்கள் குளிர்ந்தே இருந்து பிறகு சட்டென்று சூடேறினால் தெர்மோஸ்டாட் இருக்கிறது, வேலையும் செய்கிறது. தொடக்கத்திலிருந்தே மெல்ல மெல்லச் சூடேறினால் புதியது வாங்கிப் பொருத்துங்கள். அது சரியாக இருந்தால் ரேடியேட்டருக்கு முன்னால் அட்டை கட்டி மறைக்கும் வேலை சாதாரணமாகத் தேவைப்படாது.

எண்ணெயும் பேட்டரியும்

எண்ணெய் டப்பாவில் W என்ற எழுத்துக்கு முன்னால் உள்ள எண் குளிரில் அதன் இளக்கத்தைக் குறிக்கிறது. குளிர்ந்த என்ஜினைச் சுழற்றும் சோதனையை 20W எண்ணெய்க்கு மைனஸ் 15 டிகிரியிலும், 15W-க்கு மைனஸ் 20-லும், 5W-க்கு மைனஸ் 30-லும், 0W-க்கு மைனஸ் 35-லும் வைத்துத் தேற்றுகிறார்கள். கையேடு அனுமதிக்கும் வகைகளில் எண் குறைந்ததைத் தேர்ந்தெடுங்கள். 5W-30 அனுமதிக்கப்பட்டிருந்தால், திரும்பி வந்து நம் ஊர் வெயிலிலும் அதையே ஓட்டலாம்.

பேட்டரியின் திறன் மைனஸ் 18 டிகிரியில் ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது. கெட்டியான எண்ணெயோடு என்ஜினைச் சுழற்ற அதே நேரத்தில் கூடுதல் ஆற்றல் வேண்டியிருக்கிறது. வடசேரியில் ஒரே சாவித் திருப்பலில் கிளம்பும் முதிய பேட்டரி அங்கே வாய் திறக்காது. ஓர் இரவு ஓய்வுக்குப் பின் 12.6 வோல்ட் காட்டாவிட்டால் சார்ஜ் ஏற்றிப் பாருங்கள். அப்படியும் நிற்காவிட்டால் மாற்றுங்கள். முழுதாக இறங்கிய பேட்டரியின் அமிலநீர் மைனஸ் 10 டிகிரிக்கு முன்பே உறைந்து உறையை வெடிக்கச் செய்யும்.

டீசல் மட்டும் அங்கே

பெட்ரோல் கார்க்காரர்கள் இதைத் தாண்டிப் போகலாம். டீசலில் உள்ள மெழுகு குளிரில் திரண்டு வடிகட்டியை அடைக்கும். தெற்கே விற்கும் டீசல் அந்தக் குளிருக்கானதல்ல. லடாக், கார்கில், காசா, கேலாங் போன்ற உயரமான இடங்களுக்காக இந்தியன் ஆயில் நிறுவனம் 2019 நவம்பரில் குளிர்கால டீசலை அறிமுகப்படுத்தியது. அதன் பாய்வுநிலை, அதாவது கெட்டியாகாமல் பாயக்கூடிய மிகக் குறைந்த வெப்பநிலை, மைனஸ் 33 டிகிரி. வழியில் நிரப்பிய டீசல் தீரும் தறுவாயில் மேலே சேருமாறு திட்டமிட்டு, குளிர்கால டீசல் கிடைக்கும் பங்கில் கேட்டு நிரப்பி, அது குழாய்களிலும் வடிகட்டியிலும் பரவும்படி சற்று ஓட்டிய பிறகே இரவுக்கு நிறுத்துங்கள். மண்ணெண்ணெய் கலக்கும் லாரிக்காரர் உத்தியை இன்றைய காமன் ரெயில் என்ஜினில் முயலாதீர்கள். உயரழுத்தப் பம்புக்கு டீசலே மசகு, அது நீர்த்துப்போகும்.

காலையில் கிளப்பும்போது

டீசல் காரில் சாவியைப் பாதி திருப்பி, டாஷ்போர்டில் எரியும் சுருள் வடிவ விளக்கு அணையும் வரை பொறுங்கள். ஊரில் இதற்கு யாரும் காத்திருப்பதில்லை. சுழற்றுவது பத்து நொடிக்கு மேல் வேண்டாம், இடையே அரை நிமிட ஓய்வு கொடுங்கள். கிளம்பியதும் ஒரு நிமிடம் ஓடவிட்டு, முறுக்காமல் மெதுவாக ஓட்டிச் செல்வதே என்ஜினைச் சூடாக்கும் சிறந்த முறை. ரேடியேட்டரிலோ பிளாக்கிலோ வெந்நீர் ஊற்றாதீர்கள். புகைக்குழாயைப் பனி மூடியிருந்தால் அதை நீக்காமல் கிளப்பவே கூடாது. கார்பன் மோனாக்சைடு கேபினுக்குள் புகும். உறைபனியில் என்ஜின் வெப்பமானி ஏறினால் உடனே நிறுத்துங்கள். கலவை உறைந்து சுழற்சி நின்றதன் அடையாளம் அதுவாக இருக்கலாம்.

பின்சேர்க்கை

ஊருக்குத் திரும்பியதும் கூலண்டை வடித்துவிட வேண்டுமா என்று மார்த்தாண்டத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார். வேண்டாம். அதே கலவை தண்ணீரின் கொதிநிலையையும் உயர்த்துவதால், கையேடு சொல்லும் மாற்றுக்காலம் வரை நம் வெயிலிலும் நன்றாக ஓடும்.

பி.எஸ்.6 டீசல் கார் வைத்திருக்கும் மற்றொருவர், புகையைச் சுத்திகரிக்கத் தனித் தொட்டியில் ஊற்றும் யூரியாக் கரைசல் உறையாதா என்று எழுதியிருந்தார். மைனஸ் 11 டிகிரியில் உறையும். ஆனால் அதை உருக்கும் ஹீட்டர் அத்தகைய கார்களின் தொட்டியிலேயே உண்டு. உறையும்போது விரிவதற்கு இடம் வேண்டும் என்பதால் தொட்டியை விளிம்பு வரை நிரப்பாதீர்கள். கூலண்டையோ வேறெந்தத் திரவத்தையோ அதில் கலக்கவும் கூடாது.