கையெழுத்திட்ட ஓவிய அச்சை வாங்கும் முன் சோதிப்பது எப்படி

பென்சிலால் இட்ட ஓவியரின் கையெழுத்தும், அதன் இடப்பக்கம் 45/100 (நூறு படிகளில் 45-ஆவது) என்பது போன்ற எண்ணும் உள்ள அச்சுப் படத்தை விற்பவர், முதலில் கையெழுத்தைத்தான் சுட்டிக்காட்டுவார். வாங்குபவர் அதைக் கடைசியாகப் பார்ப்பதே நல்லது. கல்லில் வரைந்து அதிலிருந்து தாளில் எடுக்கும் கல்லச்சைப் போலியாக உருவாக்கக் கல்லும் அச்சுப்பொறியும் பழகிய கையும் தேவை. கையெழுத்தைப் போலியாக இடுவதற்கு ஒரு பென்சில் போதும். ஆகவே அச்சு முறை, தாள், பதிப்பு விவரம் ஆகிய மூன்றும் சரியாக இருப்பது உறுதியான பிறகுதான் கையெழுத்தை ஆராய வேண்டும்.

இந்த வரிசை ஏன் முக்கியம் என்பதைச் சால்வடோர் டாலியின் அச்சுகளைப் போலத் தெளிவாகக் காட்டுபவை வேறில்லை. 1974-இல் அண்டோரா எல்லையில் பிரெஞ்சு சுங்க அதிகாரிகள் ஒரு வண்டியை நிறுத்திச் சோதித்தபோது, படம் எதுவும் இல்லாமல் டாலியின் கையெழுத்து மட்டும் இருந்த ஏறத்தாழ 40,000 வெற்றுத் தாள்கள் அதில் இருந்ததாகப் பதிவாகியுள்ளது. அப்படிப்பட்ட தாளில் யார் எதை அச்சிட்டாலும் கையெழுத்து உண்மையானதாகவும் படம் பொய்யானதாகவும் இருக்கும். கையெழுத்து நிபுணரிடம் கொண்டுபோனாலும் அவர் அதை உண்மை என்றே சொல்லுவார். மார்க் ஷகாலின் விஷயத்தில் இதற்கு நேர்மாறானது நடக்கிறது. அவருடைய விவிலியக் கல்லச்சுகள் 1956-இலும் 1960-இலும் கையெழுத்தின்றிப் புத்தக வடிவில் வெளிவந்தன. அந்தப் புத்தகங்களிலிருந்து பிரித்தெடுத்த உண்மையான தாளில் யாரோ ஒருவர் ஷகாலின் பெயரை எழுதிப் பல மடங்கு விலைக்கு விற்கும் வழக்கம் உண்டு. புத்தகத்துக்காக அச்சானவை என்பதால் பல தாள்களின் பின்பக்கத்தில் வேறொரு படம் இருக்கும். சட்டத்தைக் கழற்றிப் பின்பக்கத்தைப் பார்த்தாலே பாதி உண்மை வெளிப்பட்டுவிடும்.

முதலில் செய்ய வேண்டியது, விற்கப்படுவது எந்தப் படைப்பு என்பதை எழுத்தில் கேட்டு வாங்குவது: தலைப்பு, ஆண்டு, அச்சு முறை, தாளின் வகை, படத்தின் அளவும் தாளின் அளவும் தனித்தனியாக மில்லிமீட்டரில், பதிப்பில் மொத்தம் எத்தனை படிகள், அச்சிட்ட பட்டறை, வெளியிட்டவர். பெயர்பெற்ற ஓவியர்கள் பெரும்பாலோருக்கு, அவர்கள் செய்த அச்சுகள் அனைத்தையும் வரிசைப்படுத்திய முழுப் பட்டியல் நூல்கள் உள்ளன. டாலிக்கு ஆல்பர்ட் ஃபீல்டு தொகுத்த பட்டியல் 1996-இல் வெளியானது. பிக்காசோவுக்கு ஜார்ஜ் பிளாக், பிரிஜித் பேர் ஆகியோரின் பட்டியல்கள் உள்ளன. விற்பவர் தரும் விவரத்தைப் பட்டியலோடு வரிவரியாக ஒப்பிடுங்கள். பட்டியலில் 250 படிகள் என்று இருக்க, உங்கள் கையிலுள்ள தாளில் 112/300 என்று எழுதியிருந்தால் மேற்கொண்டு சோதிக்கத் தேவையே இல்லை. படத்தின் அளவு ஓரிரு மில்லிமீட்டர் மாறுவது தாள் ஈரத்தில் சுருங்கி விரிவதால் இருக்கலாம். ஒரு சென்டிமீட்டருக்கு மேல் மாறினால் அது புகைப்படம் எடுத்துச் செய்த மறுபதிப்பு என்றே சந்தேகிக்க வேண்டும்.

அடுத்து லென்ஸ். நகைக்கடைகளில் கல் பார்க்கப் பயன்படுத்தும் 10 மடங்கு லென்ஸ் இதற்குப் போதும். முதலில் ஏதேனும் ஒரு வார இதழின் வண்ணப் படத்தை அதன் வழியே பார்த்துக் கண்ணைப் பழக்கிக்கொள்ளுங்கள். நீலம், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கு நிறப் புள்ளிகள் ஒரே இடைவெளியில், சின்னச் சின்ன வட்டங்களாகக் கூடி நிற்பது தெரியும். அதுதான் ஆஃப்செட் அச்சு. விற்பவர் கல்லச்சு என்று சொல்லும் படத்தில் இதே அமைப்பு தெரிந்தால், அது கல்லச்சைப் படம் பிடித்து அச்சிட்ட சுவரொட்டி. உண்மையான கல்லச்சில் புள்ளிகளுக்கு ஒழுங்கு இருக்காது. கல்லின் சொரசொரப்பில் மெழுகுக் குச்சி தேய்ந்த இடங்கள் மணல் சிந்தியதுபோல் தாறுமாறாகத் தெரியும், பச்சை நிறம் தேவைப்பட்டால் பெரும்பாலும் பச்சை மையே இருக்கும். இங்க்ஜெட் அச்சில் புள்ளிகள் மிக நுண்ணியவை. படத்தின் வெளிர்ந்த பகுதிகளில், வானம் அல்லது கன்னம் போன்ற இடங்களில், தூவிவிட்டாற்போல் சிதறிக் கிடக்கும். துணித் திரையின் வழியே மையைத் தள்ளி அச்சிடும் பட்டுத்திரை அச்சில் மை தாளின் மேல் தடித்த படலமாக நிற்கும். விளிம்பைச் சாய்ந்த வெளிச்சத்தில் பார்த்தால் அந்தத் தடிமன் புலப்படும்.

தாமிரத் தகட்டில் செய்த செதுக்கச்சுக்கு இன்னொரு அடையாளம் உண்டு. அச்சுப்பொறியின் அழுத்தத்தில் தகட்டின் விளிம்பு தாளில் பள்ளமாகப் பதிந்திருக்கும். கோடுகளில் உள்ள மை தாளின் பரப்பைவிடச் சற்றே உயர்ந்து நிற்கும். ஆஃப்செட் படத்தைச் சுற்றிப் பள்ளத்தை மட்டும் தனியாக அழுத்தி ஏமாற்றுபவர்களும் இருப்பதால், பள்ளத்தைக் கண்டதும் திருப்தி அடையாமல் கோடுகளின் மேடும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு விதிவிலக்கையும் சொல்லியாக வேண்டும்: அமெரிக்க ஓவியர் ஆண்டி வார்ஹோல் போன்றவர்கள் புகைப்படத்தையே மூலமாக வைத்துப் பட்டுத்திரையில் அச்சிட்டதால், அவர்களுடைய அசல் அச்சுகளிலும் புகைப்படப் புள்ளிகள் இருக்கும். அங்கே புள்ளி இருப்பது குற்றமன்று. நான்கு நிறப் புள்ளிகள் கூடிய அமைப்பு இருப்பதே குற்றம்.

வார்ஹோலைப் பற்றிச் சொல்லும்போது ‘சண்டே பி. மார்னிங்’ அச்சுகளையும் குறிப்பிட வேண்டும். 1967-இல் அவர் வெளியிட்ட மர்லின் மன்றோ வரிசை, 1970-இல் இந்தப் பெயரில் மீண்டும் அச்சாகி, பின்பக்கத்தில் ‘உங்கள் கையெழுத்தை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்’ என்ற பொருள் தரும் ஆங்கில முத்திரையோடு வந்தது. முத்திரை தெரியாதபடி சட்டத்தில் அடைத்த படியை அசல் வரிசையின் விலைக்கு வாங்கிவிடும் ஆபத்து இன்றும் உண்டு.

தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஆர்ஷ், ரீவ்ஸ் போன்ற ஆலைகளின் நீர்க்குறி, அதாவது தாள் செய்யும்போதே அதனுள் பதித்த அடையாளம், தெரியும். ஓவிய வணிகர் வொல்லார்ட்டுக்காகப் பிக்காசோ செய்த வொல்லார்ட் தொகுப்பு 1939-இல் அச்சானபோது அதற்கென்றே செய்த தாளில் பிக்காசோ அல்லது வொல்லார்ட் என்ற பெயர் நீர்க்குறியாக இருந்தது. டாலியின் அச்சுகளைச் சோதிப்பவர்கள், ஆர்ஷ் தாளின் நீர்க்குறியில் முடிவிலிக் குறி (∞) சேர்ந்திருந்தால் அந்தத் தாள் 1980-க்குப் பிந்தியது என்ற அளவுகோலைக் கைக்கொள்கிறார்கள். 1960-களின் படைப்பு என்று சொல்லப்படும் படத்தில் அந்தக் குறி இருந்தால் கதை அங்கேயே முடிந்துவிடுகிறது. ரூபாய் நோட்டைச் சோதிக்கும் புற ஊதா விளக்கும் உதவும். ஏறத்தாழ 1950-க்குப் பிறகே தாளில் வெண்மை கூட்டும் வேதிப்பொருள்களைச் சேர்க்கும் வழக்கம் பரவியது. 1920-களின் அச்சு எனப்படும் தாள் இருட்டறையில் பளிச்சென்று நீலமாக ஒளிர்ந்தால் அதை வாங்க வேண்டாம்.

எண்ணைப் பற்றி நீளமாகப் பேச வேண்டியதில்லை. 3/100 என்பது 97/100-ஐவிட மேலானது என்ற எண்ணம் பெரும்பாலும் விற்பனைப் பேச்சு. ஓவியர் தமக்கென வைத்துக்கொள்ளும் படிகளில் ஏ.பி. அல்லது இ.ஏ. என்றும், விற்பனைக்கல்லாதவற்றில் எச்.சி. என்றும் எழுதுவது மரபு. இவை பொதுவாக மொத்தப் பதிப்பில் சிறு பங்கே. ஒரே படத்தின் ஏ.பி. படிகள் சந்தையில் ஏராளமாகக் கிடைத்தால் எச்சரிக்கை தேவை.

இப்போது கையெழுத்து. விளக்கைப் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடித்துப் பார்த்தால் பென்சில் கோடு லேசாக மினுங்கும். அழுத்திய இடத்தில் தாள் குழிந்திருக்கும். லென்ஸில் பார்த்தால் கரித்தூள் தாளின் இழைகளின் மேல் உட்கார்ந்திருப்பது தெரியும். அச்சான கையெழுத்து தட்டையாக, படத்தின் மற்றப் பகுதிகளைப் போலவே புள்ளிகளாலோ மையாலோ ஆனதாக இருக்கும். போலி இடுபவர் வரைகிறார், எழுதுவதில்லை. அதனால் கோடு ஒரே அழுத்தத்தில் தயங்கித் தயங்கிச் செல்லும், எழுத்தின் முடிவு வீச்சாக மெலியாமல் மொட்டையாக நிற்கும். ஒப்பிடுவதற்கு அதே ஓவியர் அதே காலத்தில் இட்ட கையெழுத்துகளைத் தேடுங்கள். இளமையில் இட்டதையும் முதுமையில் இட்டதையும் ஒப்பிடுவது பயன் தராது. பென்சிலில் கையெழுத்திடும் வழக்கமே 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் பரவியது என்பதால், அதற்கு நூற்றாண்டுகள் முன்பு வாழ்ந்த டியூரர் அல்லது ரெம்பிராண்ட் அச்சின் ஓரத்தில் பென்சில் கையெழுத்து இருப்பது அதன் பெருமையைக் கூட்டாது, சந்தேகத்தையே கூட்டும்.

நம் ஊரில் இதற்கு நேர் சான்று ராஜா ரவிவர்மாவின் படங்கள். 1894-இல் மும்பையில் அவர் தொடங்கிய அச்சகத்தின் படங்கள் பல கற்களில் வண்ணம் பிரித்து அச்சிட்டவை. படத்தின் மூலையில் தெரியும் அவர் பெயர் கல்லிலேயே அமைந்தது, கையால் இட்டதன்று. காரைக்குடியில் முனீசுவரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் இப்படிப்பட்ட படத்தைக் கண்டால், பெயரை விட்டுவிட்டு முகத்தின் நிழலை லென்ஸில் பாருங்கள்: கைவேலையால் குத்திய ஒழுங்கற்ற புள்ளிகள் பழைய அச்சுக்கு அடையாளம், ஒழுங்கான நான்கு நிற வட்டங்கள் பிற்கால மறுபதிப்புக்கு அடையாளம். மறுபதிப்பை மறுபதிப்பின் விலைக்கு வாங்குவதில் தவறில்லை.

விற்பவரே அச்சிட்டுத் தரும் உண்மைச் சான்றிதழுக்கு, விற்பவரின் சொல்லுக்கு மேல் மதிப்பில்லை. பழைய கடை ரசீது, ஏல வரிசை எண், முன்னாள் உடைமையாளரின் பெயர் ஆகியவை அதைவிட மேல், அவற்றையும் தொடர்பு கொண்டு சரிபார்க்க முடிந்தால் மட்டும். இணையத்தில் வாங்குவதானால், சட்டத்திலிருந்து எடுத்த தாளின் முன்பக்கம், பின்பக்கம், அளவுகோல் வைத்த நான்கு ஓரங்கள், வெளிச்சத்துக்கு எதிரே பிடித்த நீர்க்குறி, பக்கவாட்டு ஒளியில் கையெழுத்து ஆகியவற்றின் படங்களைக் கேளுங்கள். போலி என்று பின்னர் தெரிந்தால் முழுப் பணமும் திருப்பித் தரப்படும் என்பதைப் படைப்பின் விவரங்களோடு ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். சட்டத்தைக் கழற்ற முடியாது என்று சொல்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள்.