கணுக்கால் சுளுக்கா, எலும்பு முறிவா?

கால் பிசகி வீங்கியதும் தைலம் போட்டு நீவிவிடத்தான் கை போகும். அதை மட்டும் செய்யாதீர்கள். கணுக்காலின் இருபுறமும் துருத்தி நிற்கும் எலும்பின் பின் ஓரத்தை, நுனியிலிருந்து 6 செ.மீ. உயரம் வரை விரலால் மெதுவாக அழுத்திப் பாருங்கள். எலும்பிலேயே வலித்தாலோ, நான்கு அடி நடக்க முடியாவிட்டாலோ எக்ஸ்ரே அவசியம். மருத்துவர்கள் பார்க்கும் ஒட்டாவா விதியின் முக்கியப் பகுதி இதுதான். "விரல் அசையுதே, அப்போ முறியல" என்பதெல்லாம் சும்மா. முறிந்த காலிலும் விரல் அசையும்.

முறிந்த எலும்பு ஒட்ட சுமார் 6 வாரம் ஆகும். மூட்டு விலகியிருந்தால் பிளேட், ஸ்க்ரூ வைக்க வேண்டிவரலாம். மாவுக்கட்டு போட்ட முதல் சில நாட்கள் படுத்திருக்கும்போது தலையணைகளை அடுக்கி, காலை நெஞ்சு மட்டத்துக்கு மேலே வையுங்கள். விரல்கள் நீலம் பாரித்தாலோ, மரத்துப்போனாலோ, மாத்திரைக்கும் வலி அடங்காமல் ஏறினாலோ விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. கெண்டைக்கால் வீங்கி வலித்தாலும், திடீரென மூச்சு வாங்கினாலும் அப்படியே, ரத்தம் உறைந்திருக்கலாம். அரிக்கிறதே என்று கட்டுக்குள் ஸ்கேல், பின்னல் ஊசி எதையும் விடாதீர்கள்.

ஊன்றுகோலோடு படி ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது ஊன்றுகோலும் அடிபட்ட காலும் முதலில். எப்போது காலை ஊன்றலாம் என்பதை மருத்துவர் சொல்லட்டும், பக்கத்து வீட்டுக்காரர் அல்ல. கட்டுப் பிரித்ததும் கால் சூம்பித் தெரியும், மாலையில் வீங்கும். சில மாதம் அப்படித்தான். பிசியோதெரபியை விட்டுவிடாதீர்கள். அப்புறம், வீட்டில் இந்தியன் டாய்லெட் மட்டும்தான் என்றால் கமோடு நாற்காலி ஒன்றை முதல் நாளே வாங்கிவிடுங்கள், வாடகைக்கும் கிடைக்கும்.