வெண்புள்ளிக்கு லேசரும் ஒளியும் களிம்பும்: ஒரு தையல்காரியின் குறிப்பு

எனக்குக் கன்னம், இடுப்பு, வலது கட்டைவிரல் என்று மூன்று இடத்தில் வெண்புள்ளி. இடுப்பைச் சுற்றிப் பரவியிருந்ததால் அதற்கு நேரோபேண்ட் யுவிபி விளக்குப் பெட்டி, கன்னத்துச் சின்னத் திட்டுக்கு எக்ஸைமர் லேசர் என்றார் டாக்டர். இரண்டும் புற ஊதா ஒளிதான்; பெட்டி 311 நானோமீட்டர், லேசர் 308. லேசர் திட்டின் மேல் மட்டும் விழுவதால் சுற்றியுள்ள தோல் கறுக்காது.

வாரம் இரண்டு நாள் போனேன். அடுத்தடுத்த நாளில் கூடாது. களிம்பு, பவுடர், செண்ட் எதுவும் பூசாமல் போங்கள். கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி கட்டாயம். திட்டு மறுநாள் வரை லேசாகச் சிவந்திருந்தால் ஒளியின் அளவு சரி. மூன்றாம் நாளும் சிவப்பு போகவில்லை, கொப்புளம் வந்தது என்றால், அடுத்த முறை விளக்கைப் போடும் முன்பே சொல்லிவிடுங்கள். தீபாவளித் தையலில் நான் மூன்று வாரம் போகவில்லை. திரும்பப் போனபோது பழைய அளவையே வைத்துவிட்டார்கள், நானும் வாயைத் திறக்கவில்லை. அன்று ராத்திரி இடுப்பு நெருப்பாக எரிந்தது. இடைவெளி விழுந்தால் அளவைக் குறைக்க வேண்டும்.

களிம்பு ராத்திரியில். கன்னத்துக்கு டாக்ரோலிமஸ், முதல் சில நாள் மிளகாய் பட்டது போல எரியும், அப்புறம் அடங்கிவிடும். இடுப்புக்கு ஸ்டீராய்டு, டாக்டர் சொன்ன நாள் வரைதான். மருந்துக்கடையில் நீங்களாக வாங்கி நீட்டினால் தோல் மெலிந்துபோகும். கார்போகரிசி என்ற நாட்டு மருந்து விதையை அரைத்துப் பூசச் சொல்லி யாராவது வருவார்கள். அதில் தோலை ஒளிக்குக் கூச வைக்கும் சோரலென் இருக்கிறது. பூசிய தோல் ஒளி பட்டால் வெந்துவிடும்.

மூன்றாம் மாதம் கன்னத்தில் எள் தூவியது போலப் பழுப்புப் புள்ளிகள் வந்தன. நிறம் தரும் செல்கள் பெரும்பாலும் மயிர்க்காலிலிருந்துதான் ஏறி வருகின்றன. மாதம் ஒருமுறை அதே ஜன்னலோரம் போட்டோ எடுத்தால்தான் வித்தியாசம் தெரியும். ஆறு மாதமாவது பாருங்கள். ரோமமே இல்லாத விரல் நுனி சுலபத்தில் மசியாது. என் கட்டைவிரல் இன்னும் அப்படியேதான்.

உரசும் இடத்தில் புதிதாகவும் புள்ளி வரும். கத்தரிக்கோல் வளையத்தில் பழைய பனியன் துணியைச் சுற்றினேன். பாவாடை நாடாவை உருவிவிட்டு, அகலப் பட்டி வைத்துக் கொக்கி தைத்துக்கொண்டேன். கேட்பவர்களுக்கும் இப்போது அப்படியே தைத்துத் தருகிறேன், கூலி இருபது ரூபாய் கூட.