மூக்குக்கண்ணாடியைத் தேர்ந்தெடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2014-இல் தொடங்கப்பட்ட தூய்மை இந்தியா திட்டத்தின் சின்னத்தில் காந்தியின் முகம் இல்லை; இரண்டு வட்டங்களும் அவற்றை இணைக்கும் ஒரு கோடுமாக ஒரு கண்ணாடியே உள்ளது. ஆயினும், அது யாருடைய கண்ணாடி என்று எவரும் கேட்பதில்லை. நாள்தோறும் அணியும் கண்ணாடி பிறர் மனத்தில் நம் முகமாகவே பதிந்துவிடுகிறது என்பதால், அதைத் தேர்வதில் நேரும் தவறுகளைச் சிறியவை என்று நான் கருதுவதில்லை.

காரணம் அறியாமல் பிறர் கண்ணாடியைப் பின்பற்றுவது முதல் தவறு. கலைஞர் கருணாநிதியின் கறுப்புக் கண்ணாடியைக் கம்பீரத்தின் அடையாளமாகவே பலர் பார்த்தார்கள். ஆனால் 1953-இல் நேர்ந்த விபத்தும் அதனால் கண்ணுக்கு ஏற்பட்ட தொல்லைகளுமே அதன் பின்னணி. மருத்துவக் காரணத்தால் வந்த ஒன்று காலப்போக்கில் ஓர் அரசியல் முகமாகவே ஆனது. அந்தத் தோற்றத்தை விரும்பித் தெருவோரத்தில் கறுப்புக் கண்ணாடி வாங்குவோர், புற ஊதாக் கதிர்களைத் தடுக்கும் தன்மை அதற்கு உண்டா என்று கேட்டறிய வேண்டும். வெறும் நிறம் மட்டும் இருந்தால், இருட்டில் விரியும் கருவிழிப் பாவை வழியாக அக்கதிர்கள் கூடுதலாக உள்ளே செல்ல இடமுண்டு.

இதைவிட வருத்தம் தருவது, கண்ணாடியை ஒரு குறையாக எண்ணி மறைப்பது. பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும் மகளின் கண்ணாடியைக் கழற்றிவைக்கச் சொல்லும் வீடுகள் இன்றும் இருக்கின்றன. அந்தப் பெண்ணோ எதிரில் அமர்ந்திருப்பவரின் முகத்தைக்கூடத் தெளிவாகக் காணாமல், வாழ்நாள் முடிவு ஒன்றை எடுக்க வேண்டியிருக்கிறது. பள்ளியில் ‘சோடாபுட்டி’ என்று கேலி செய்யப்பட்ட பிள்ளை, பிறகு கண்ணாடியைப் பைக்குள் ஒளித்துக்கொண்டு கரும்பலகையைப் பார்க்கத் திணறுவதும் இதே மனப்பான்மையின் விளைவுதான். கண்ணாடி அணிந்தால் பவர் ஏறிவிடும் என்ற அச்சத்துக்கு ஆதாரமில்லை. கிட்டப்பார்வை பெரும்பாலும் கண் வளர்ச்சியை ஒட்டியே கூடுகிறது. திருமணப் படங்களில் வெளிச்சம் பிரதிபலிக்கும் என்று கவலைப்படுவோர், பிரதிபலிப்பைக் குறைக்கும் பூச்சுள்ள லென்ஸைக் கேட்டு வாங்கலாம். அமெரிக்க விசாவுக்கான படத்தில் 2016 நவம்பர் முதல் கண்ணாடிக்கு அனுமதி இல்லை. கல்யாண ஆல்பத்துக்கு அப்படி எந்த விதியும் இல்லை.

கறுத்த நிறத்தவருக்குக் கறுப்பு ஃபிரேம் எடுபடாது என்று கடையில் சொல்லப்படும் அறிவுரையையும் தயங்காமல் புறக்கணிக்கலாம். முகத்தை வெளுப்பாகக் காட்டுவதே அழகு என்ற பழைய எண்ணம்தான் அந்த அறிவுரைக்குள் இருக்கிறது. நிறத்தைவிட அளவு முக்கியம்: ஃபிரேமின் காதுத்தண்டின் உட்புறத்தில் 52, 18, 140 என்பதுபோல் அச்சிடப்பட்டிருக்கும் எண்கள், முறையே லென்ஸின் அகலத்தையும் மூக்குப் பாலத்தின் அகலத்தையும் தண்டின் நீளத்தையும் மில்லிமீட்டரில் குறிக்கின்றன. மூக்குத்தண்டு தாழ்வாக உள்ளவர்களுக்கு, உயர்ந்த மூக்குக்கென வடிவமைத்த ஃபிரேம் ஓயாமல் வழுக்கி இறங்கும். அது ஃபிரேமின் பொருத்தமின்மையே தவிர முகத்தின் குறையன்று. அத்தகையோர் நகர்த்தி அமைக்கக்கூடிய மூக்குத்தாங்கி உள்ள ஃபிரேமைக் கேட்க வேண்டும்.

குழந்தைக்கு வாங்கும்போது அளவைக் கடைக்காரர் பார்க்கட்டும், நிறத்தைக் குழந்தையே தேர்ந்தெடுக்கட்டும். தானே விரும்பி எடுத்த கண்ணாடி பைக்குள் ஒளிந்துகொள்வது அரிது.