ஐ.சி.யூ.வில் மூக்குக்கண்ணாடியும் மருந்துதான்

அட்மிஷன் போட்டதும் மூக்குக்கண்ணாடி, காது மெஷின், பல்செட் எல்லாவற்றையும் கவரில் போட்டு வீட்டாரிடம் கொடுத்துவிடுகிறோம். பார்வை மங்கல், காது மந்தம், ராத்திரியும் பகலும் ஒரே டியூப்லைட். இரண்டு நாளில் பெரியவர் “சுவத்துல பூச்சி ஊருது” என்பார். பைத்தியம் இல்லை, டெலிரியம், அதாவது உடம்பு முடியாதபோது திடீரென்று வரும் மனக்குழப்பம்.

கண்ணாடியை மாட்டிவிடுங்கள். “ஐயா, இன்னைக்குச் செவ்வாய்க்கிழமை, காலை எட்டு மணி, ஆஸ்பத்திரியில இருக்கீங்க. சளி எடுக்கப்போறேன்” என்று சொல்லிவிட்டே தொடுங்கள், வென்டிலேட்டரில் இருந்தாலும் காது கேட்கலாம். இரவில் விளக்கைக் குறைத்து, ரத்தம் எடுப்பதையும் உடம்பு துடைப்பதையும் முடிந்தவரை ஒரே நேரத்தில் முடியுங்கள். அவர் டியூபைப் பிடுங்கினால் உடனே கையைக் கட்டாதீர்கள், பதற்றம் கூடும். மகளைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பாருங்கள்.

கத்துகிறவரை எல்லோரும் கவனிப்போம். திடீரென்று பேச்சைக் குறைத்துச் சுருண்டு கிடப்பவரை “சமத்தா தூங்குறார்” என்று விட்டுவிடுவோம். அதுவும் டெலிரியமாக இருக்கலாம், டாக்டரிடம் சொல்லுங்கள்.