ரோஷ் ஹஷானா விருந்து நம் வீட்டில்: முதல்முறை நடத்துபவர்களுக்கு

கல்யாணமான நாளிலிருந்து யூதப் புத்தாண்டு என்றால் மாமியார் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வருவதுதான். போன வருஷம் அவருக்கு முழங்கால் வலி, விருந்து எங்கள் வீட்டுக்கு மாறியது. என்னென்ன வாங்க வேண்டும் என்று ஃபோனில் சொன்னார். எதற்குப் பின் எது என்று சொல்லவில்லை. அவருக்கு அது சொல்லித் தெரிய வேண்டிய விஷயமே இல்லை. என்னைப் போல் நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக இது.

1. நாள்

யூத நாள் சூரியன் மறையும்போது பிறக்கும். திஷ்ரி மாதத்தின் முதல் இரண்டு நாள்தான் ரோஷ் ஹஷானா. சொல்லுக்குப் பொருள் ‘ஆண்டின் தலை’. 2026-ல் செப்டம்பர் 11 வெள்ளி மாலை தொடங்கி 13 ஞாயிறு இரவு முடியும், பிறப்பது யூத ஆண்டு 5787. ஆசாரம் பார்க்கும் வீட்டில் சனிக்கிழமை அடுப்பு மூட்ட மாட்டார்கள். ஆகவே வெள்ளி மதியத்துக்குள் சமையல் முடிய வேண்டும்.

2. வட்ட ஹல்லா

மற்ற வாரங்களில் நீளப் பின்னலாக இருக்கும் ரொட்டி, இந்தப் பண்டிகைக்கு வட்டம்.

மைதா 500 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 7 கிராம், சர்க்கரை 75 கிராம், உப்பு ஒன்றரை டீஸ்பூன், முட்டை 2, எண்ணெய் 60 மி.லி., வெதுவெதுப்பான தண்ணீர் சுமார் 170 மி.லி. வெண்ணெய் வேண்டாம்: மேஜையில் இறைச்சி இருந்தால் பால் பொருள் சேரக் கூடாது.

பத்து நிமிடம் பிசைந்து, இரண்டு மடங்காக உப்பும்வரை மூடி வையுங்கள். நீளக் கயிறாக உருட்டி, நடுவிலிருந்து முறுக்குப் போலச் சுற்றி, நுனியை அடியில் செருகுங்கள். இன்னும் முக்கால் மணி நேரம் விட்டு, மேலே முட்டை தடவி, 180 டிகிரியில் 30 முதல் 35 நிமிடம். என் முதல் ஹல்லா நடுவில் வேகாமல் போனது, சுற்று இறுக்கமாக இருந்ததால். தளர்வாகச் சுற்றுங்கள்.

3. சிலேடைத் தட்டு

எனக்குப் பிடித்த பகுதி இது. யூதச் சட்ட விளக்க நூலான பாபிலோனியத் தல்மூதில் அபாயே என்ற ரப்பி (யூத மத அறிஞர்) புத்தாண்டுக்குச் சொன்ன பட்டியலில் நமக்குத் தெரிந்த காய்கள்தான்: சுரைக்காய், காராமணி, லீக் (வெங்காயத் தாள் போன்றது), பீட் கீரை, பேரீச்சை. ஒவ்வொன்றும் பெயரை வைத்து ஒரு வேண்டுதல். காராமணிக்கு ‘ரூபியா’, அதிலிருந்து ‘யிர்பு’, நம் நன்மைகள் பெருகட்டும். பேரீச்சை ‘தாமார்’, ‘யித்தம்மு’, எதிரிகள் ஒழியட்டும். மீன் தலை வைப்பார்கள்: வாலாக இல்லாமல் தலையாக இருப்போம். இத்திஷ் (கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் மொழி) பேசியவர்கள் கேரட்டைச் சேர்த்தார்கள், ‘மெரன்’ என்றால் கேரட்டும் உண்டு, பெருகுதலும் உண்டு.

அவரவர் மொழியில் சிலேடை செய்யலாம் என்றானபின் தமிழ் ஏன் சும்மா இருக்க வேண்டும்? தட்டில் ஒரு வாழைப்பழம் வைத்து ‘வாழ’ என்றேன். மாமனார் மூன்று முறை திருப்பிச் சொல்லச் சொன்னார். இந்த வருஷப் பட்டியலில் மாமியாரே வாழைப்பழத்தை எழுதிவிட்டார்.

4. இரவின் வரிசை

சூரியன் மறைவதற்கு 18 நிமிடம் முன்பு மெழுகுவர்த்தி. பிறகு ஒயின்மேல் கித்தூஷ் ஆசி, கை கழுவல், ஹல்லா. வழக்கமாக உப்பில் தொடும் ரொட்டியை இன்று தேனில் தொடுவார்கள். அடுத்து ஆப்பிளும் தேனும், பின் சிலேடைத் தட்டு, கடைசியில் சாப்பாடு. எங்கள் வீட்டு முறை இது. சில வீடுகளில் தட்டின் வரிசை மாறும், பெரியவர்களிடம் முன்னமே கேட்டுவிடுங்கள். வாழ்த்து: ‘ஷானா தோவா’, நல்ல ஆண்டு.

5. இரண்டாம் நாள்

சனி இரவு மெழுகுவர்த்திக்குத் தீக்குச்சி கிழிக்கக் கூடாது, ஏற்கெனவே எரியும் சுடரிலிருந்துதான் எடுக்க வேண்டும். வெள்ளி மாலையே ஒரு நீண்டநேர விளக்கை ஏற்றி வையுங்கள். நான் மறந்து, பக்கத்து வீட்டில் சுடர் வாங்கினேன்.

ஷோஃபார் எனும் ஆட்டுக்கடாக் கொம்பைச் சனிக்கிழமை ஊதும் வழக்கம் பெரும்பாலான ஆசாரக் கோயில்களில் இல்லை. 2026-ல் அது ஞாயிறு காலைக்கு, நூறு முழக்கம். அன்று மாலை ஓடும் நீர்ப்பக்கம் போய் தஷ்லிக் பிரார்த்தனை சொல்லி, பாவங்களை நீரில் எறிவதாகச் சட்டைப்பையை உதறுவார்கள்.

இரண்டாம் இரவுக்கு இந்தப் பருவத்தில் இதுவரை சாப்பிடாத பழம் ஒன்று வேண்டும், பெரும்பாலும் மாதுளை. வாங்கியதும் ஒளித்து வையுங்கள். எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமையே ஒன்று காணாமல் போய்விட்டது.