ஓட்டோ கியர்பொக்ஸ் ஒயிலை வீட்டு முற்றத்தில் மாற்றுதல்

எஞ்சின் ஒயிலை 5,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை மறவாமல் மாற்றுகிறவர்களில் பலர், தமது காரின் ஓட்டோ கியர்பொக்ஸில், அதாவது தானாகவே கியர் மாற்றும் பெட்டியில், இருக்கும் ஒயில் என்ன நிறம் என்பதை ஒருநாளும் பார்த்ததில்லை. 2020 இல் நிறுத்தப்பட்ட கார் இறக்குமதி 2025 இல்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டதால், திருகோணமலையில் ஓடும், டொயோட்டாவின் ‘121’ மொடல் கொரோலாக்களும் அலியன்களும் தமக்குரிய வயதைக் கடந்தும் உழைத்துக்கொண்டிருக்கின்றன. அவற்றின் கியர்பொக்ஸ் ஒன்று போனால் ஆகும் செலவை நினைத்தால், சில லீற்றர் ஒயிலும் ஒரு காலைப்பொழுதும் பெரிய விலையல்ல.

ஓட்டோ கியர்பொக்ஸில் ஒயில் உராய்வைக் குறைப்பதற்கு மட்டும் இருப்பதன்று. அதன் அழுத்தத்தாலேயே கியர்கள் மாறுகின்றன. கிளட்ச் தட்டுகள் வழுக்காமல் பிடிப்பதும் அதன் கலவையைப் பொறுத்ததே. பெட்டிக்குள் பிறக்கும் சூட்டை வெளியே கொண்டுசெல்வதும் அதுதான். அந்தச் சூடே அதன் எதிரியும் ஆகும். ஏசியைப் போட்டுக்கொண்டு, ஐந்து பேரை ஏற்றி, நண்பகலில் கந்தளாய் வழியாக ஹபரணைக்கு ஓடும் காரின் ஒயில், குளிர்நாட்டில் ஓடும் காரின் ஒயிலைவிட விரைவில் கெடும். ஆகவே ‘ஆயுள் முழுவதற்கும் போதும்’ என்ற விளம்பர வாக்கியத்தை நான் பொருட்படுத்துவதில்லை. 40,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றுகிறேன்.

‘ஒரு இலட்சம் ஓடிய பிறகு மாற்றினால் கியர் சிலிப் அடிக்கும்’ என்று கராஜ்களில் சொல்வதிலும் ஓரளவு உண்மை உண்டு. தட்டுகள் ஏற்கெனவே தேய்ந்து கருகிய கியர்பொக்ஸைப் புது ஒயில் காப்பாற்றாது. இயந்திரம் பூட்டி அழுத்தத்தோடு கழுவினால் அடியில் படிந்த கசடு கிளம்பி நுண்ணிய வழிகளை அடைக்கவும் கூடும். கியர் ஒழுங்காக விழுகிற காரில், அழுத்தம் எதுவும் கொடுக்காமல், தானாக வடிவதை வடியவிட்டு அதே அளவை நிரப்பும் முறைக்கு அந்த அச்சம் பொருந்தாது. இங்கே விளக்குவது அந்த முறையையே.

முதலில் ஒயிலின் வகை. பழைய 121 போன்றவற்றுக்கு டொயோட்டா ரி-4 வகை. பின்வந்தவற்றுக்கும் அக்குவா, பிரியஸ் போன்ற ஹைபிரிட்களுக்கும் டபிள்யூ.எஸ். வகை, பற்சக்கரப் படிகளுக்குப் பதிலாகப் பட்டியும் கப்பியும் கொண்டு இயங்கும் சி.வி.ரி. கியர்பொக்ஸுக்கோ அதற்கென்றே தயாரிக்கப்பட்ட ஒயில்தான். சி.வி.ரி.க்குள் சாதாரண ஓட்டோ ஒயிலை ஊற்றுவது அதனைக் கொல்வதற்குச் சமம், ஏனெனில் அதன் இரும்புப் பட்டி கப்பியில் வழுக்காமல் பிடிப்பதற்கு வேண்டிய தன்மை அந்த ஒயிலில் இல்லை. யப்பானிலிருந்து வந்த காரின் கைநூலை வாசிக்க முடியாவிட்டாலும், ஒயில் மட்டம் பார்க்கும் கம்பியான டிப் ஸ்டிக்கின் தலையிலோ கியர்பொக்ஸின் மீதுள்ள தகட்டிலோ வகையின் பெயர் ஆங்கில எழுத்தில் இருப்பதுண்டு. ‘எல்லாவற்றுக்கும் பொருந்தும்’ என்று கடைக்காரர் நீட்டும் போத்தலை நான் வாங்குவதில்லை.

அடுத்தது இடம். உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்து முற்றங்கள் பெரும்பாலும் மணல். ஜக்கும் தாங்குகாலும் கண்ணெதிரே சரியாமல், நீங்கள் அடியில் படுத்திருக்கும்போது மெல்லப் புதையும். ஒவ்வொரு காலின் அடியிலும் அகலமான தடித்த பலகையை வையுங்கள். சீமெந்து புளொக் கல்லின் மேல் காரை நிறுத்தாதீர்கள். அது எச்சரிக்கை எதுவும் தராமல் நொறுங்கும். நான்கு சக்கரமும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பிறகு பார்க்கும் ஒயில் மட்டம் பொய் சொல்லும். கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் அது எழுவதற்கு முன்பே, விடியற்காலையில் வேலையை முடிப்பது நல்லது. திறந்த குழாய்க்குள் பறந்து விழும் மணற்பொடி கியர்பொக்ஸுக்கு நஞ்சு.

காரைப் பத்து நிமிடம் ஓட்டி, ஒயில் இளஞ்சூடானதும் நிறுத்துங்கள். கை சுடும் அளவுக்கு வேண்டாம். அடியில் இரண்டு வடிகால் பிளக்குகள் தெரியும். ஒன்று எஞ்சினுடையது, மற்றது கியர்பொக்ஸினுடையது, பல டொயோட்டாக்களில் அலன் சாவி நுழையும் குழியுள்ளது. இவற்றை மாற்றிக் கழற்றி, கியர்பொக்ஸை வெறுமையாக்கிவிட்டு எஞ்சினுக்குள் இரட்டிப்பாக ஊற்றி அனுப்பிய கராஜ் ஒன்று எனக்குத் தெரியும்.

வடிகால் பிளக்கைத் தொடுவதற்கு முன்பு, ஊற்றும் வழி திறக்கிறதா என்று பாருங்கள். டிப் ஸ்டிக் குழாய் உள்ள கார்களில் இது சிக்கலில்லை. அத்தானின் அக்குவாவில் குழாய் இல்லை, பக்கவாட்டில் ஒரு பிளக் மட்டுமே. ‘தம்பி, மேலே உள்ளதை முதலில் கழற்றிப் பார்’ என்று அவர் சொன்னதைக் கேளாமல் கீழே உள்ளதைத் திறந்தேன். ஒயில் முழுவதும் வடிந்த பிறகுதான், கடற்காற்றில் துருவேறிய மேல் பிளக் அசையவே இல்லை என்பது தெரிந்தது. துரு இளக்கியைத் தெளித்துக் காத்திருந்து, சுத்தியலால் மெல்லத் தட்டி, மறுநாள் மாலையில்தான் அதனைக் கழற்ற முடிந்தது. அதுவரை கார் பலகைகளின் மேலேயே நின்றது.

வடியும் ஒயிலை ஒரு சொட்டும் சிந்தாமல் தட்டில் ஏந்துங்கள், ஏனெனில் எவ்வளவு வெளியேறியதோ அவ்வளவுதான் உள்ளே போக வேண்டும். அது ஆறிய பிறகு வெறும் 1.5 லீற்றர் தண்ணீர்ப் போத்தல்களில் ஊற்றி அளந்துகொள்ளுங்கள். சூட்டில் அளந்தால் சற்றுக் கூடுதலாகக் காட்டும். எனது 121 இல் முதல் தடவை 2.8 லீற்றர் வந்தது. விரலில் ஒரு துளியைத் தொட்டு வெள்ளைத் தாளில் தேய்த்துப் பாருங்கள். சிவப்பு மங்கிப் பழுப்பாகியிருந்தால் அது வயதின் அடையாளம் மட்டுமே. கறுத்து, கருகிய மணம் வீசினால் கிளட்ச் தட்டுகள் எரிந்திருக்கின்றன. பால் கலந்த தேநீர் போல இருந்தால் தண்ணீர் சேர்ந்திருக்கிறது: ஒன்றில் ரேடியேட்டருக்குள் இருக்கும் குளிர்விக்கும் குழாய் உடைந்திருக்கும், அல்லது மாரி வெள்ளத்தில் கிண்ணியா, தம்பலகாமப் பக்கம் ஆழமான நீரில் காரை இறக்கியபோது காற்றுத்துளை வழியே நீர் புகுந்திருக்கும். அப்படியான காரை, காரணத்தைக் கண்டறியும் வரை ஓட்டக்கூடாது.

கியர்பொக்ஸின் அடித்தட்டைக் கழற்றி வடிகட்டியைச் சுத்தம் செய்வதானால் புதிய கெஸ்கெட் கையிலிருக்க வேண்டும். தட்டிலுள்ள காந்தங்களில் சாம்பல் நிறக் களிம்பு ஒட்டியிருப்பது வழக்கம்தான். விரலில் குத்தும் உலோகச் சிம்புகள் இருந்தால் பெட்டிக்குள் ஏதோ உடைகிறது. காந்தங்களைத் துடைக்க நூல் பிரியாத துணியைப் பயன்படுத்துங்கள். பழைய பனியன் துணியின் நூலொன்று உள்ளே போனாலும் வால்வில் சிக்கும்.

வடிகால் பிளக்குக்குப் புதிய வொஷர் போட்டு, முதலில் கையால் திருகி, பிறகு கைநூல் சொல்லும் அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். பெட்டி அலுமினியம், சாவியில் குழாயைச் செருகி நெம்பினால் புரி அறுந்துவிடும். அளந்த அளவுக்குச் சரியான புது ஒயிலை, நீண்ட மெல்லிய புனலால் டிப் ஸ்டிக் குழாய்க்குள் ஊற்றுங்கள். பிரேக்கை மிதித்தபடி எஞ்சினை இயக்கி, கியர் லிவரை ஒவ்வொரு நிலையிலும் இரண்டு மூன்று வினாடி நிறுத்திக் கடைசி வரை கொண்டுபோய், மீண்டும் பார்க்கிங் நிலைக்குக் கொண்டுவாருங்கள்.

மட்டம் பார்ப்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். டொயோட்டாவில் ஒயில் 70 முதல் 80 பாகை செல்சியஸ் வரை சூடாகி, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும் நிலையில் டிப் ஸ்டிக்கிலுள்ள சூட்டுக் குறிகளுக்கிடையே பார்க்க வேண்டும். நகரிலிருந்து நிலாவெளி வரை போய்த் திரும்பினால் அந்தச் சூடு வரும். ஹொண்டாவில் எஞ்சினை நிறுத்தி 60 முதல் 90 வினாடிக்குள் பார்ப்பது முறை. குறைந்தால் பம்ப் காற்றை உறிஞ்சும். கூடினால் சுழலும் பாகங்கள் ஒயிலைக் கடைந்து நுரையாக்கும். இரண்டிலும் கியர் தாமதித்தே விழும். கூடியதைவிடக் குறைந்ததைத் திருத்துவது எளிது, ஆகவே கடைசி 200 மில்லிலீற்றரைச் சிறிது சிறிதாகச் சேருங்கள். ஹைபிரிட் அல்லாத கார்களில், டிப் ஸ்டிக் இல்லாமல் கூடிய ஒயில் வழிந்தோடும் பிளக் வைத்திருப்பவற்றில் ஒயிலின் வெப்பநிலையை ஸ்கேனரில் பார்த்தே அளவிட வேண்டும். அந்தக் கருவி இல்லாதவர் அதனைத் தெரிந்தவரிடம் விட்டுவிடுவது நல்லது.

எஞ்சினின் சுழற்சியை ஒயில் வழியாகக் கியர்பொக்ஸுக்குக் கடத்தும் டோர்க் கன்வேர்ட்டர் அக்குவா போன்ற ஹைபிரிட்களில் இல்லாததால் கிட்டத்தட்ட முழு ஒயிலும் வடிந்துவிடும், ஒரு தடவை போதும். மற்றவற்றில் பழைய ஒயிலின் பெரும்பகுதி அந்தக் கன்வேர்ட்டருக்குள்ளும் குழாய்களிலும் தங்கிவிடுகிறது. ஒரு தடவையில் 40 சதவீதம் மாறுகிறது என்று வைத்தால், இரண்டாவது தடவையில் புது ஒயில் 64 சதவீதமாகவும் மூன்றாவதில் 78 சதவீதமாகவும் உயரும். பழையது பெட்டிக்குள் புதியதோடு நன்றாகக் கலக்க 500 கிலோமீற்றராவது ஓட வேண்டும். கொழும்புக்கு ஒருமுறை போய் வந்தால் அந்தத் தூரம் ஆகிவிடும். வந்த மறுநாள் காலையில் பிளக்கின் கீழே கசிவு இருக்கிறதா என்று ஓர் அட்டையை விரித்துப் பாருங்கள். பிறகு அடுத்த தடவைக்கு ஜக்கை எடுக்கலாம். வடித்த பழைய ஒயிலை அதே தண்ணீர்ப் போத்தல்களில் மூடி, எழுதி ஒட்டி, சேர்விஸ் நிலையத்தில் கொடுத்துவிடுங்கள். வடிகானில் ஊற்றியது கடலுக்குத்தான் போகும்.